கராஜில் ஒரு ஸ்டாக் கார் ஓவல்: உள் லேன் ஏன் ஜெயிக்கிறது, மரத்தில் எப்படிக் கட்டுவது

சார்லட்டில் வசிக்கும் நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது: கராஜில் மேசைக்கென்று 16 அடிக்கு 5 அடி இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். தடத்திலுள்ள பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தில் ஓடும் 1/32 அளவு ஸ்லாட் கார்களை வைத்து, அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயமான நாஸ்கார் மாதிரி ஒரு ஓவல் (நீள்வட்டத் தடம்) போட ஆசை. கடையில் வாங்கிய இரண்டு லேன் பிளாஸ்டிக் செட்டில் உள் லேனில் ஓட்டுபவரே எப்போதும் ஜெயிக்கிறார். காந்தத்தைக் கழற்றினால் கார் முதல் வளைவிலேயே பறந்துவிடுகிறது. மரத்தில் கட்டினால் இது சரியாகுமா, டேடோனா பந்தயத் தடம் மாதிரி வளைவில் 31 டிகிரி பேங்கிங் (உள்பக்கச் சாய்வு) வைக்கலாமா என்கிறீர்கள். பார்க்க மூன்று கேள்வி, உண்மையில் ஒன்றுதான். ஓட்டுபவரின் கைக்கு வேலை இருக்கிற ஓவலை எப்படிக் கட்டுவது என்பதே அது. அதற்கு விடை கிடைத்தால் லேன் தகராறு பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத கணக்கு. ஓவலில் அடுத்தடுத்த இரண்டு லேன்களுக்கு நடுவே இடைவெளி 10 செ.மீ. என்றால், ஒரு சுற்றில் வெளி லேன் 62.8 செ.மீ. கூடுதலாக ஓட வேண்டும். இடைவெளியை இரண்டு பையால் (2π) பெருக்கினால் வருவது அது; வளைவு பெரியதா சின்னதா, நேர்பாதை நீளமா குட்டையா என்பதெல்லாம் இதை மாற்றாது. உள் லேன் 5 மீட்டர் இருக்கும் சிறிய செட்டில் இது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. காந்தம் உள்ள கார் வளைவிலும் முழு வேகத்தில்தான் போகும். பிளாஸ்டிக் டிராக்கின் தண்டவாளம் எஃகு. காருக்கு அடியில் இருக்கும் காந்தம் பல கார்களில் காரின் எடையையே மிஞ்சும் விசையோடு அதைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு காரும் எங்கேயும் வேகம் குறைக்காமல் ஓடினால் குறைந்த தூரம் ஓடுகிறவர்தானே ஜெயிப்பார். உங்கள் வீட்டில் நடப்பது இதுதான். ஓட்டுபவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

காந்தம் இல்லாத காரில் கதை வேறு. வளைவில் தாங்கும் வேகம் ஆரத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். ஆகவே உள் லேன்காரர் தூரத்தில் மிச்சம் பிடித்தாலும், வளைவைவிட்டு மெதுவாகத்தான் வெளியே வருவார். அந்தக் குறை அடுத்த நேர்பாதை முழுக்க அவர் பின்னாலேயே வரும். கீழே சொல்லப்போகும் மூன்று லேன் ஓவலுக்கு இதைப் போட்டுப் பார்த்தால், உள் லேனுக்கும் வெளி லேனுக்கும் நீளத்தில் 12 சதவீத வித்தியாசம், சுற்று நேரத்திலோ 3 சதவீதம்தான். இந்த 3 கல்லில் பொறித்த எண் அல்ல. டயரின் உராய்வுக் கெழு 1 என்றும், வேகம் ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு 4 மீட்டர் கூடும், பிரேக்கில் 8 மீட்டர் குறையும் என்றும் வைத்துப் போட்ட கணக்கு அது. உங்கள் டயரிலும் மோட்டாரிலும் இரண்டாகலாம், ஐந்தாகலாம். பன்னிரண்டுக்கு அருகில் போகாது என்பது மட்டும் உறுதி.

இதே காரணத்தால்தான் 31 டிகிரி வேண்டாம் என்கிறேன். உங்கள் நடு லேனின் ஆரம் 52 செ.மீ. என்று வையுங்கள். அதே உராய்வில் தட்டையான வளைவு நொடிக்கு 2.3 மீட்டர் வரை தாங்கும். 15 டிகிரி சாய்வில் 3 மீட்டர். 30 டிகிரியில் 4.4 மீட்டர். நேர்பாதையின் முடிவில் காரின் உச்ச வேகமே 4.7, 4.8 மீட்டர்தான் வரும். அதாவது 30 டிகிரி வைத்தால் யாரும் விரலைத் தளர்த்த வேண்டியதில்லை. காந்தத்தைக் கழற்றிவிட்டு அதே வேலையை மரத்தில் செய்து வைத்ததாகிவிடும். உள் லேன் மறுபடியும் ராஜா. டேடோனாவின் சாய்வு 4 கிலோமீட்டர் சுற்றளவுக்கும் மணிக்கு 300 கி.மீ. வேகத்துக்கும் பிறந்தது. அதன் 2.5 மைலை 32-ல் வகுத்தால் 126 மீட்டர் வரும். எந்தக் கராஜிலும் அடங்காது. மார்ட்டின்ஸ்வில் டிராக்கின் 0.526 மைல்கூட 26 மீட்டருக்கு மேல். உங்கள் இடத்துக்கு நிஜமாகவே பொருந்தும் முன்மாதிரி உங்கள் வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில் இருக்கிறது. வின்ஸ்டன்-சேலத்தில் ஓர் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தைச் சுற்றிக் கால் மைல் தட்டை ஓவலாக ஓடும் பவ்மன் கிரே. நாஸ்கார் பந்தயம் அங்கே 1949-லிருந்து நடக்கிறது. கால் மைலை 32-ல் வகுத்தால் 12.6 மீட்டர். 16 அடி மேசையில் 10 மீட்டர் கிடைக்கும். இவ்வளவு நெருக்கமாக அளவு ஒத்துவரும் வேறு பிரபலமான டிராக் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி மேசை. அரை அங்குல எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்தது) எட்டடிக்கு நாலடிப் பலகை மூன்று போதும். அமெரிக்கக் கடைகளில் எம்டிஎஃப் பெரும்பாலும் 97-க்கு 49 அங்குலமாக, ஓர் அங்குலம் கூடுதலாக வரும்; முதலில் விளிம்புகளைச் சீவி நேராக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பலகையிலிருந்து ஐந்தடிக்கு நாலடித் துண்டு ஒவ்வொன்று. இவை இரண்டு முனைகள். மூன்றாவதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் எட்டடி நீளம், இரண்டடி அகலத்தில் இரண்டு பட்டைகள், இவை நேர்பாதைகள். நடுவில் ஓரடி அகலத்துக்கு ஓட்டை விழும். மிச்சமிருக்கும் மூன்றடித் துண்டுகளை அதற்கும், இணைப்புகளுக்கு அடியில் ஒட்டும் தாங்கு பலகைக்கும் வைத்துக்கொள்ளலாம். இப்படி வெட்டுவதில் ஒரு லாபம் உண்டு. வளைவின் மையம் முனையிலிருந்து 76.2 செ.மீ.யில் இருப்பதால், வளைவு முழுதும் ஒரே துண்டில் முடிந்து, அதற்குமேல் 45 செ.மீ. நேர்பாதையும் அதிலேயே கிடைக்கிறது. நான்கு இணைப்புகளும் நேர்பாதையில்தான் விழும். வளைவுக்குள் இணைப்பு வந்தால் காரின் மூக்கு அங்கே துள்ளும். பிறகு எவ்வளவு பட்டி பூசினாலும் முழுசாகச் சரியாகாது.

அடியில் கடையில் 1×4 அங்குலம் என்று விற்கும் பைன் சட்டம், குறுக்குச் சட்டங்கள் 40 செ.மீ.க்கு ஒன்று. உயரம் 75 செ.மீ. இருந்தால் சிறுவர்களுக்கும் எட்டும். ஐந்தடி அகலத்தை ஒரு பக்கமாக நின்று எட்ட முடியாது. இரண்டு நீளப் பக்கங்களிலும் ஆள் நிற்க 60 செ.மீ. விடுங்கள், அல்லது மேசைக்குச் சக்கரம் வையுங்கள்.

லேன் மூன்று போதும் என்பது என் தீர்ப்பு. ஸ்டாக் கார் அகலமான வண்டி. 1/32 அளவில் 62 மி.மீ. வரும். 10 செ.மீ. இடைவெளியில் வால் ஆடினாலும் பக்கத்துக் காரைத் தட்டாமல் போகும். தட்டினாலும் அது பந்தயத்தோடு சேர்ந்த தட்டாகத்தான் இருக்கும். வெளி விளிம்பிலிருந்து வெளி லேனுக்கு 14 செ.மீ. விட்டால் ஆரங்கள் 622, 522, 422 மி.மீ. என்று அமையும், சுற்று நீளம் முறையே 10.61, 9.99, 9.36 மீட்டர். நாலாவது லேனை நுழைத்தால் அதன் ஆரம் 32 செ.மீ.க்கு இறங்கிவிடும், அங்கே நீளமான ஸ்டாக் கார் பாடி நகர்வதே சங்கடம். நான்கு பேர் இருந்தால் ஒருவர் மாறி மாறி மார்ஷலாக (வெளியேறிய காரை எடுத்து வைப்பவராக) நிற்கட்டும். எப்படியும் ஒருவர் நிற்கத்தான் வேண்டும்.

காடி, அதாவது காரின் மூக்குக்கு அடியிலிருக்கும் கைடு என்ற தகடு ஓடும் பள்ளம், போடுவது இந்த வேலையின் உயிர். பலகைகளைச் சட்டத்தில் திருகி, இணைப்புகளில் பட்டி பூசி, தேய்த்துச் சமன் செய்த பிறகுதான் ரூட்டரை (மரத்தில் காடி குடையும் மின்கருவி) எடுக்க வேண்டும். தனித்தனியாகக் காடி போட்டுப் பிறகு சேர்த்தால் இணைப்பில் ஒரு மில்லிமீட்டர் விலகும். அந்த ஒரு மில்லிமீட்டரில் கார் ஒவ்வொரு சுற்றிலும் வாலை ஆட்டும். பிட் 3.2 மி.மீ. கார்பைடு, ஆழம் 8 மி.மீ. இதை ஒரே வீச்சில் வெட்டப் போனால் பிட் முறியும், இல்லையென்றால் சூடேறிக் காடியின் ஓரம் கருகும். நான்கு நான்காக இரண்டு வீச்சு. வளைவுக்கு அரை அங்குல மரச்சட்டம் ஒன்றை எடுத்து, ஒரு முனையில் ரூட்டரைத் திருகி, பிட்டின் நடுவிலிருந்து 422, 522, 622 மி.மீ. அளந்து மூன்று துளை போடுங்கள். மையத்தில் ஒரே ஆணி. மூன்று காடியும் அதே ஆணியைச் சுற்றி. நேர்பாதைக்கு நேரான அலுமினியச் சட்டத்தைக் கிளாம்ப் போட்டு வழிகாட்டியாக வையுங்கள். ரூட்டரை முன்னால் தள்ளும்போது அது இடப்பக்கம் இழுக்கும். ஆகவே சட்டம் ரூட்டருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் வைத்தால் கருவி சட்டத்தைவிட்டு மெல்ல விலகிப் போவது தெரியவே தெரியாது, காடி வளைந்த பிறகுதான் தெரியும். வளைவும் நேர்பாதையும் சந்திக்கும் இடத்தில் கடைசி 5 செ.மீ.யை வெட்டாமல் விட்டு, இரண்டு பக்கமிருந்தும் பென்சில் கோடு போட்டு ஒத்துப்போகிறதா பார்த்துவிட்டு வெட்டுங்கள். எம்டிஎஃப் தூள் மாவை விட நைஸ். முகமூடி, வேக்குவம், திறந்த கராஜ் கதவு, மூன்றும் வேண்டும்.

காடி முடிந்ததும் முதலில் பெயிண்ட், பிறகுதான் செம்பு. எம்டிஎஃப் தண்ணீர் பட்டால் உப்பும். முதல் கோட் காயும்போது காடியின் சுவர்கள் கொஞ்சம் வீங்கி வாய் குறுகும். இது எதிர்பார்த்ததே. காய்ந்தபின் மடித்த 220 உப்புத்தாளைக் காடிக்குள் ஓட்டி, கைடு தடையில்லாமல் போகிறதா பாருங்கள். மேலே சாம்பல் நிறத்தில் மேட் லேடெக்ஸ் பெயிண்ட், நுரை ரோலரால் இரண்டு கோட், நடுவில் 400-ல் லேசான தேய்ப்பு. ‘பிடிமானத்துக்கு’ என்று மணல் கலந்த பெயிண்ட் போடச் சொல்வார்கள். அது டயரைத் தின்னும், தூளை நிறைக்கும். எப்போதும் இடப்பக்கமே திரும்பும் ஓவலில் கைடு வளைவின் வெளிச் சுவரையே உரசிக்கொண்டிருக்கும். அந்தச் சுவரில் மட்டும், பெயிண்டுக்கு முன்னால், மெல்லிய சூப்பர் கிளூவைச் சொட்டு சொட்டாக ஊற விட்டால் மரம் கல் மாதிரி இறுகிவிடும்.

செம்புப் பட்டை 6 மி.மீ. அகலம், பின்புறம் பசையுள்ளது. வண்ணக் கண்ணாடி வேலைக்குச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். காடியின் விளிம்பிலிருந்து 1 மி.மீ. தள்ளி இருபுறமும் ஒட்டி, ஸ்பூனின் முதுகால் தேய்த்து அழுத்துங்கள். 42 செ.மீ. ஆரத்தில் சிரமமில்லாமல் வளையும். உள் ஓரத்தில் சிறு சுருக்கம் விழுந்தால் ஸ்பூனுக்கு அடங்கும். பட்டை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், கார் வரும் திசையில் முந்தைய துண்டு மேலே, அடுத்தது அடியில் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பிரெய்டு (கைடில் இருந்து மின்சாரம் எடுக்கும் பின்னல் கம்பி) முனையைக் கிளப்பிவிடும். பசை மின்சாரம் கடத்தும் என்று அட்டையில் எழுதியிருந்தாலும் அதை நம்பி விடாதீர்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சால்டர் வையுங்கள், பிறகு உப்புத்தாளால் சமன் செய்யுங்கள். பட்டை 0.035 மி.மீ. தடிமன் என்று கொண்டால் மீட்டருக்கு 0.08 ஓம் வரும். ஒரே இடத்தில் மின்சாரம் கொடுத்தால், 10 மீட்டர் ஓவலின் எதிர்முனையில் ஓர் ஆம்பியருக்கு 0.4 வோல்ட் இறங்கும்; இரண்டு நேர்பாதையின் நடுவிலும் கொடுத்தால் இது பாதியாகும். ஆகவே லேனுக்கு இரண்டு இடம். அடியில் ஓடும் பிரதான ஒயர் 14 கேஜ், மேலே ஏறும் துண்டுகள் 18 கேஜ். துடைப்பதற்குத் துணியும் காண்டாக்ட் கிளீனரும் மட்டும். இரும்பு நார் வேண்டவே வேண்டாம். அதன் துணுக்குகள் மோட்டார் காந்தத்தில் ஒட்டி உள்ளே போய் மோட்டாரைக் கெடுக்கும்.

மின்சாரத்துக்கு 0 முதல் 15 வோல்ட் வரை மாற்றக்கூடிய, 5 ஆம்பியர் சப்ளை ஒன்று. லேனுக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ். பெரியவர்களுக்கு 11 அல்லது 12 வோல்ட், சிறுவர்களுக்கு 8-ல் தொடங்குங்கள். செட்டோடு வரும் கண்ட்ரோலரில் பல இரண்டு ஒயர்தான். விரலை எடுத்தால் கார் தானாக உருண்டு வேகம் குறையும். மூன்று ஒயர் கண்ட்ரோலர் வாங்குங்கள். மூன்றாவது ஒயர் விரலை எடுத்ததும் மோட்டாரின் இரு முனையையும் ஒன்றோடொன்று இணைக்கும். மோட்டார் ஜெனரேட்டராகிப் பிரேக் பிடிக்கும். அமெரிக்கப் பழக்கத்தில் வெள்ளை சப்ளைக்கு, கறுப்பு டிராக்குக்கு, சிவப்பு பிரேக்குக்கு. ஒயர்களை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஃபியூஸ் போகலாம், இல்லை கண்ட்ரோலர் புகையலாம். சப்ளையைப் போடும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

மரத்தில் எஃகு இல்லை, ஆகவே காந்தம் அங்கே வெறும் பாரம், கழற்றிவிடுங்கள். காந்தம் கழற்றிய கார் பறப்பதற்குக் காரணம் காந்தம் போனது மட்டுமல்ல. அந்தக் கார் காந்தத்தை நம்பியே செய்யப்பட்டது: டயர் கடினம், வட்டம் சரியில்லை, மூக்கில் எடையில்லை, பாடி சேஸிஸோடு இறுக்கிக் கட்டப்பட்டது. இவற்றை வரிசையாகச் சரிசெய்ய வேண்டும்; வரிசை முக்கியம், ஏனென்றால் டயர் சரியாகாமல் எடை வைப்பது வீண்.

முதலில் பின் டயர். யூரித்தேன் டயர் வாங்கி, ரிம்மில் சூப்பர் கிளூவால் ஒட்டுங்கள். 220 உப்புத்தாளைத் தட்டையான கண்ணாடியில் ஒட்டி, 4 வோல்ட்டில் சக்கரம் சுழலும்போது லேசாகத் தொடவிட்டு, கண்ணாடியில் முழு அகலமும் படும்வரை தேய்த்து, 400-ல் முடியுங்கள். பெயிண்ட் அடித்த மரத்துக்கு யூரித்தேன்தான் பத்திரமான தொடக்கம். சிலிக்கான் சுத்தமான வழவழப்பான பரப்பில் பிரமாதமாகப் பிடிக்கும், துளி தூசி விழுந்தால் கைவிடும். கராஜில் தூசிக்குப் பஞ்சமா? எந்த டயர் உங்கள் பெயிண்டில் வேகம் என்பதை மட்டும் வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டு ஜோடி வாங்கி ஓட்டித்தான் பார்க்க வேண்டும். அடுத்தது கைடு. சமமான டிராக்கில், கைடு காடிக்குள் இருக்கக் காரை வைத்தால் முன்சக்கரம் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். முன்சக்கரம் கீழே நின்று கைடைத் தூக்கினால் ஆழம் குறையும். பிரெய்டின் கடைசி 3 மி.மீ. மட்டும் கீழே வளையட்டும். விறைப்பான பிரெய்டு ஸ்பிரிங் மாதிரி மூக்கைத் தூக்கும். வளைவில் காரணமில்லாமல் கார் காடியைவிட்டு வெளியேறினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பிறகு ஈயம். கைடுக்குப் பின்னால் 4 கிராம், சேஸிஸின் தரையில் மோட்டாருக்கு முன்னால் 8 முதல் 10 கிராம். பாடியில் ஒரு துளிகூட வேண்டாம், உயரத்தில் வைத்த எடை கவிழ்க்கும். ஓவல் என்பதால் இந்த ஈயத்தை நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் தள்ளுங்கள். இடது வளைவில் பாரம் வலது டயருக்குப் போகும்; முன்கூட்டியே இடப்பக்கம் எடை இருந்தால் உள் டயர் தரையைவிட்டுக் கிளம்பத் தாமதமாகும். நிஜ ஸ்டாக் காரிலும் இதே காரியம் செய்கிறார்கள். இது உறுதியாகப் பலன் தரும். டயர் விட்டத்தில் வித்தியாசம் வைப்பது அவ்வளவு உறுதியில்லை. வலது பின் டயர் பெரிதாக இருந்தால் கார் தானாகவே இடப்பக்கம் உருளும்; ஆனால் 52 செ.மீ. ஆரத்துக்கு முழுசாகப் பொருந்த வேண்டுமானால் 20 மி.மீ. டயரில் 1.7 மி.மீ. வித்தியாசம் வேண்டும். அது நேர்பாதையில் காரைக் குறுக்கே இழுத்து வேகத்தைத் தின்னும். 0.3 மி.மீ. வைத்துப் பத்துச் சுற்று, சமமாக வைத்துப் பத்துச் சுற்று ஓட்டி, கடிகாரம் சொல்வதைக் கேளுங்கள். பின் ஸ்பாய்லரைப் பற்றிக் கவலையே வேண்டாம். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் இந்த அளவுக் காரின் மேல் காற்றின் விசை அதன் எடையில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான். ஸ்பாய்லர் அலங்காரம், டிராஃப்டிங் (முன் காரின் காற்று மறைவில் ஓடி வேகமெடுப்பது) என்பதும் கிடையாது.

பாடியைப் பிடிக்கும் திருகுகளை முழுக்க இறுக்கிவிட்டு முக்கால் சுற்றுத் தளர்த்துங்கள். கையால் அசைத்தால் பாடி மெல்லியதாகக் கலகலக்க வேண்டும். வளைவில் சேஸிஸ் நடுங்குவதைப் பாடிக்குப் போகாமல் இது தடுக்கும். ஸ்டாக் கார் பாடியில் இரண்டு இடம் தொல்லை. சக்கர வளைவின் ஓரம் தளர்ந்த பாடியோடு டயரை உரசும். உள்பக்கம் அரை மில்லிமீட்டர் சுரண்டிவிடுங்கள். முன்னால் தொங்கும் ஏர் டாம் (பம்பருக்குக் கீழுள்ள தடுப்பு) தரையிலிருந்து 2 மி.மீ.யாவது மேலே இருக்கட்டும். உள்ளே கனமான இருக்கைத் தட்டு இருந்தால் எடுத்துவிட்டு மெல்லிய பிளாஸ்டிக் தட்டு மாட்டுங்கள்; உயரத்தில் குறைக்கும் ஒவ்வொரு கிராமும் லாபம். கியரைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். பல கடைக் கார்களில் பற்களின் கணக்கு 9-க்கு 27 அல்லது 11-க்கு 36 என்று வரும், இரண்டும் இந்த நீளத்துக்குச் சரி. பித்தளைத் தகட்டில் பியானோ கம்பி சால்டர் செய்து சொந்தச் சேஸிஸ் கட்டுவது தனிக் கலை. மேலே சொன்ன காரை ஒழுங்காக ஓட்டிய பிறகு அதில் இறங்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் கார் வெளியேறினால், எப்படி வெளியேறுகிறது என்று ஒருவர் வளைவுக்கு அருகில் குனிந்து பார்க்கட்டும். வால் வழுக்கி, கார் குறுக்கே திரும்பி, கைடு கழன்றால் டயரில் அழுக்கு அல்லது வேகம் அதிகம். ஒட்டும் டேப்பில் டயரை உருட்டித் துடையுங்கள். உள் சக்கரம் தூக்கி, வலப்பக்கமாகக் கவிழ்ந்தால் பிடிப்பு போதாமல் அல்ல, எடை உயரத்தில் இருப்பதால். இன்னும் ஒட்டும் டயர் போட்டால் நிலைமை மோசமாகும். வளைவைவிட்டு வெளியே வரும்போது, விரலை அழுத்திய கணத்தில் மூக்கு நிமிர்ந்தால் கைடுக்குப் பின்னால் 2 கிராம் கூட்டுங்கள். நேர்பாதை முடிவில், பிரேக் பிடித்ததும் வால் ஆடினால் பிரேக் கூர்மை. பிரேக் அளவை மாற்றும் குமிழ் உள்ள கண்ட்ரோலரில் குறைத்துப் பாருங்கள்.

கொஞ்சமாவது சாய்வு வேண்டும் என்று மனம் கேட்காவிட்டால் ஒரு வழி உண்டு. அரை அங்குல எம்டிஎஃப் கூம்பு வடிவத்துக்கு வளையாது, கட்டாயப்படுத்தினால் காடியில் பிளக்கும். ஆனால் முனைத் துண்டு தட்டையாகவே இருக்க, அதன் கடைக்கோடியை மட்டும் 10 செ.மீ. உயர்த்தினால் வளைவின் உச்சியில் 5 டிகிரி சாய்வு கிடைக்கும். நுழையும் இடத்தில் பூஜ்யம், நடுவழியில் மூன்றரை. வளைவு வேகம் உச்சியில் 9 சதவீதம் கூடும். இணைப்பில் பலகை மடங்கும் இடத்தில் ஏர் டாம் தரையைத் தொடலாம். அங்கே மடிப்பைப் பட்டி பூசி மழுக்கிவிட வேண்டும். இதைக் காடி போடும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், பிறகு தூக்கினால் இணைப்பில் காடி சரியாகச் சேராது. கணக்கில் சரியாக வருகிறது. ஆனாலும் முதல் வருடம் தட்டையாக ஓட்டுவதே மேல் என்பேன்.

பந்தயத்தில் மிஞ்சியிருக்கும் 3 சதவீதத்துக்குப் பழைய மருந்துதான்: எல்லாரும் எல்லா லேனிலும் ஒரே அளவு நேரம் ஓட்டுவது. லேனுக்கு 3 நிமிடம், மொத்தச் சுற்றுகளைக் கூட்டிப் பார்ப்பது. வீட்டுக்குள் இன்னும் நியாயமான முறை, ஒரே மாடலில் ஒரே மோட்டாரோடு மூன்று கார் வாங்கி, கார் லேனிலேயே நிற்க, ஆட்கள் மட்டும் மாறுவது. 1973 இறுதியில் தொடங்கி 2006 வரை நடந்த ஐராக் (IROC) கார் பந்தயத் தொடர் ஒரே மாதிரிக் கார்களில் வெவ்வேறு பந்தயங்களின் சாம்பியன்களை மோதவிட்டது. ஸ்லாட் கார்க்காரர்கள் இந்த முறையை அந்தப் பெயரிலேயே அழைக்கிறார்கள். காரில் பணத்தைக் கொட்டிய மாமாவுக்கும் பத்து வயதுப் பெண்ணுக்கும் அப்போது ஒரே வண்டி.

சுற்று எண்ண, நேர்பாதையின் மேல் ஒரு சிறு பாலம் கட்டி அதில் லேனுக்கு ஓர் இன்ஃப்ராரெட் எல்இடி, நேர் கீழே காடியின் அடியில் 3 மி.மீ. துளையில் ஃபோட்டோ டிரான்சிஸ்டர். கார் மறைக்கும்போது ஒரு சுற்று. கராஜ் கதவு வழியாக வெயில் விழும் இடத்தில் பாலம் வேண்டாம், சூரியனிடமும் இன்ஃப்ராரெட் ஏராளம். காரின் கண்ணாடி வழியே வெளிச்சம் புகுந்து ஒரே காரை இரண்டாக எண்ணுவதும் உண்டு. மென்பொருளில் குறைந்தபட்சச் சுற்று நேரத்தை 2 நொடி என்று வைத்துவிடுங்கள். மேலே சொன்ன கணக்கில் இந்த ஓவலின் சுற்று 3.3 நொடி வாக்கில் வர வேண்டும். ஆகவே நிஜச் சுற்று எதுவும் அதில் தொலையாது.